ஆறிய சக்கரம் பேசாது

மும்பை - புனே சாலையில் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு ஒரு நெடி நன்றாகத் தெரியும். கண்டாலாவைத் தாண்டி கோபோலி நோக்கி மலை இறங்கும்போது, வளைவுகளில் ஊர்ந்து போகும் லாரிகளின் சக்கரங்களிலிருந்து அது கிளம்பும். தீய்ந்த ரப்பரும் காய்ந்த இரும்பும் சேர்ந்தாற்போல் தொண்டையில் வந்து உட்காரும். பிரேக் லைனிங் கருகும் நெடி. கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, லாரிக்காரரை மனதுக்குள் திட்டியபடி தாண்டிப் போய்விடுவார்கள். 2012 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கண்ணாடியை ஏற்றினேன். நெடி குறையவில்லை. முன்னால் லாரியும் இல்லை.

“அடுப்பில வெச்சு மறந்துபோன பாத்திரம் மாதிரி நாத்தம் வரதேடா” என்றாள் பின் சீட்டில் இருந்த அம்மா. அவள் மடியில் என் பத்து வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாதுங்காவில் உறவினர் வீட்டுச் சீமந்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அமிர்தாஞ்சன் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம்தான் இறங்கியிருப்போம். (சென்னைத் தைலத்தின் விளம்பரம் ஒரு காலத்தில் அங்கே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 2020 ஏப்ரலில் பாலத்தை இடித்துவிட்டார்கள்.) பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியிருந்தது. காலை லேசாக வைத்தாலே வண்டி குலுங்கிப் பிடித்தது. பிறகு சில நிமிடங்களில் நேர்மாறாக ஆயிற்று. பெடல் பஞ்சுபோல் இறங்கி, தரையைத் தொட்டது. வண்டி வேகம் குறையவே இல்லை.

இரண்டாவது கியர், உடனே முதல் கியர். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரமாக ஒருவழியாக நிறுத்தினேன். இறங்கிப் போய் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். வலது முன் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. இடுக்கு வழியே தெரிந்த டிஸ்க்கில் நீலம் பூத்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர எத்தனை சூடு வேண்டும் என்பது கொல்லனுக்குத் தெரியும்.

பிரேக்கின் வேலை வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவது. எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். கண்டாலாவுக்கும் கோபோலிக்கும் உயர வித்தியாசம் சுமார் 550 மீட்டர். ஆட்களோடும் மூட்டைகளோடும் ஒரு டன் எடையுள்ள சின்னக் கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிவிடும் சக்தி, 18 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் நாலு சக்கரங்களில், அதிலும் முக்கியமாக முன் சக்கரங்கள் இரண்டில் இறங்குகிறது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் மலை இறங்குகிறவர்கள் அந்த 18 லிட்டரையும் பிரேக்கின் தலையிலேயே கட்டுகிறார்கள். ஒழுங்கான பிரேக் இந்தச் சூட்டைத் தாங்கும். காலை எடுத்ததும் பட்டைகள் டிஸ்க்கை விட்டு விலகி, அடுத்த வளைவுக்குள் காற்று அதை ஆற்றிவிடும். காலை எடுத்த பிறகும் பட்டைகள் விலகாமல் உரசிக்கொண்டே இருந்தால், ஆறுவதற்கு அவகாசம் ஏது?

மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பெடல் உறுதியாக இருக்கிறது, மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை என்றால் லைனிங் சூடேறித் தன் உராய்வை இழந்துவிட்டது. பெடலே பஞ்சாகித் தரைக்குப் போனால், குழாய்களில் இருக்கும் திரவம் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது, அதனால்தான் காலின் பலம் சக்கரம் வரை போகிறது. ஆவியைச் சுலபமாக அழுத்திவிடலாம், அதனால் காலின் பலம் ஆவிக் குமிழ்களோடு முடிந்துபோகும். டாட் 3 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தபின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230-ம் 155-ம். புனேயின் நாலு மாத மழை ஈரத்தை யோசித்துப் பாருங்கள். இதை நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ‘பிரேக் ஆயில்’ என்று சொல்வது ஒரு துரதிர்ஷ்டம். அது எண்ணெயே இல்லை. பெயரை நம்பி நிஜமான எண்ணெயை ஊற்றிவிட்ட பையன்கள் உண்டு. ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் எல்லாம் ஊறி உப்பிவிடும். பிறகு அத்தனை ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

முக்கால் மணி நேரத்தில் சக்கரம் ஆறியது. ஆவி மறுபடி திரவமாகி, பெடலும் திரும்பி வந்தது. இப்படித் திரும்பி வருவதுதான் இந்தக் கோளாறின் பெரிய ஏமாற்று. முதல் கியரிலேயே கோபோலி வரை ஊர்ந்து போய், அம்மாவையும் மகளையும் லோக்கல் ரயிலில் ஏற்றி அனுப்பினேன்.

இத்தனைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. 2003-இல் வாங்கிய மாருதி ஜென். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அந்த ஆகஸ்டில் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது என்று வீட்டருகே இருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் புதிது போட்டார்கள். கூடவே முன் பிரேக் பட்டைகளும் புதிது. வண்டி கைக்கு வந்த ஒரே வாரத்தில், பத்து கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டினால் முன் சக்கரங்கள் அனலடிக்க ஆரம்பித்தன. பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டு என்னிடம் உண்டு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 13-க்கு இறங்கியிருந்தது. போய்ச் சொன்னேன். “புதுப் பட்டை சாப், தேஞ்சு செட் ஆகும்” என்றார் சூப்பர்வைசர். செப்டம்பரில் வலது முன் சக்கரத்திலிருந்து உறுமல் வந்தது. பேரிங் போய்விட்டது என்று மாற்றினார்கள். அறுநூறு கிலோமீட்டருக்குள் அதே சக்கரம், அதே உறுமல். இந்த முறை பேரிங் தயாரித்தவர்மேல் பழி விழுந்தது. இன்னொரு பேரிங் போட்டார்கள்.

மூன்று முறையும் நான் சொன்னது ஒன்றுதான். ஓடினால் சுடுகிறது, சக்கரம் இறுகுகிறது, காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று முறையும் அவர்கள் செய்ததும் ஒன்றுதான். ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியைக் காலையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்கள். “பாருங்க சாப், பம்பரம் மாதிரி சுத்துது.” ஜாப் கார்டின் கடைசி வரி மூன்றிலும் ‘ட்ரையல் ஓகே’. மூன்றாவது தடவை நானே சிங்காட் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்த குளிர்ந்த மாலை, வெறிச்சோடிய சாலை, பிரேக்குக்கு அதிகம் வேலையே வரவில்லை. சக்கரம் வெதுவெதுப்போடு நின்றது. அதன்பின் மாதுங்கா பயணம் வரை வண்டி வாசலில்தான் இருந்தது.

கோபோலியிலிருந்து வண்டியை லாரியில் ஏற்றி புனே கொண்டு வந்தபின், அலுவலக நண்பர் ஒருவர் நானாபேட்டுக்கு அனுப்பினார். புனேயில் வாகன உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் வட்டாரம் அது. சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. அங்கே எல்லோரும் சாச்சா என்று கூப்பிடும் பெரியவருக்கு அப்போதே எழுபது வயது இருக்கும். பம்பாய் டாக்ஸிகளில் தொழில் கற்றவர். நான் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இப்ப வண்டி ஆறிக் கிடக்கு. ஜுரம் விட்டப்புறம் டாக்டர்கிட்ட போனா அவர் எதைப் பார்ப்பார்? நாளைக்கு வாங்க. ஊரெல்லாம் சுத்தி, சூடு பண்ணிக் கொண்டு வாங்க. வாசல்ல நிறுத்தினதும் என்னைக் கூப்பிடுங்க. டீ குடிச்சிட்டு இருந்தாலும் கூப்பிடுங்க.”

மலையில் கைவிட்ட வண்டியை ஊருக்குள் ஓட்டுவதற்கும் அவரிடம் நிபந்தனை இருந்தது. சமதரை, முப்பது கிலோமீட்டர் வேகம், உடன் அவருடைய பையன் ஒருவன். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் போய் நின்றேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடவே கூடாது, கியரைக் குறைத்துக் குறைத்துத் தானாக நிற்கவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். காரணம் பிறகு புரிந்தது. பிரேக் போட்டு நின்ற சக்கரம் சூடாக இருப்பதில் அதிசயமில்லை. பிரேக்கே போடாமல் நின்ற சக்கரமும் சுட்டால் எங்கோ உரசல் இருக்கிறது. அப்போது சூடு எங்கே அதிகம் என்று பார்க்க வேண்டும். நடுவில், அச்சு இருக்கும் இடத்தில் அதிகம் என்றால் பேரிங். டிஸ்க்கில் அதிகம் என்றால் பிரேக்.

சாச்சா ஒரு தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல் ஒவ்வொரு சக்கரமாகத் தெளித்துக்கொண்டு போனார். வலது முன் டிஸ்க்கில் ‘சுர்’ரென்று துள்ளி ஓடியது. இடது முன்பக்கம் கொஞ்சம் மந்தமாகப் பொரிந்தது. பின் டிரம்களில் துளி அப்படியே நின்றது. சொட்டுக்கு மேல் ஊற்றக்கூடாது. பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது கோணிவிடும், வெடிக்கவும் கூடும்.

இன்றைக்கு இதற்கு அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது. விலையும் அதிகமில்லை. 2020-க்குப் பிறகு கடை வாசல்களில் நெற்றியில் காட்டினார்களே, அந்தத் துப்பாக்கி உதவாது. அது உடம்பு ஜுரம் வரைக்கும்தான் படிக்கும். தொழிற்சாலைக்கென்று விற்பதை வாங்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் அதுவும் குறைத்துச் சொல்லும். கறுத்த, துருவேறிய இடமாகப் பார்த்துக் காட்டவேண்டும்.

எந்தச் சக்கரங்கள் சுடுகின்றன என்பதிலேயே பாதி விடை இருக்கிறது என்பது சாச்சாவின் கட்சி. ஒரே ஒரு முன் சக்கரம் என்றால் கோளாறும் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தது. துருப்பிடித்துச் சிக்கிய பிஸ்டன், அல்லது காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்கள் கிரீஸ் இல்லாமல் உலர்ந்து போயிருப்பது, அல்லது அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய். இந்த ரப்பர் குழாய் பெரிய கள்ளன். வெளியே புதிது மாதிரி இருக்கும், உள்சுவர் உரிந்து வால்வு மாதிரி தொங்கும். காலின் பலத்தில் திரவம் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. பின் சக்கரங்கள் இரண்டும் சுட்டால் முதலில் கைப்பிரேக் கேபிளைப் பார்க்க வேண்டும். வலது முன்னும் இடது பின்னும் என்று குறுக்காகச் சுட்டாலும் அர்த்தம் உண்டு. பல சிறிய கார்களில் பாதுகாப்புக்காகப் பிரேக் குழாய்களை இப்படிக் குறுக்கே இரண்டு பங்காகப் பிரித்திருப்பார்கள், ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் ஒரு பாதியில் சந்தேகம் விழும். முன் சக்கரங்கள் இரண்டும் சுட்டு, பெடலும் இறுகினால் கோளாறு சக்கரங்களிலேயே இல்லை. நாலுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது.

“பின்னாடி ஏன் சுடலை?” என்று கேட்டேன்.

“டிரம்முக்குள்ளே ஸ்பிரிங் இருக்கு சாப். கொஞ்சம் பிரஷர் மிச்சமிருந்தாலும் ஸ்பிரிங் ஷூவை இழுத்துப் பிடிச்சுக்கும். டிஸ்க்குக்கு ஸ்பிரிங் ஏது? பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்தான் லேசா முறுக்கி நிமிர்ந்து இழுத்துக்கணும். மிச்சப் பிரஷரைத் தாங்க அதால ஆகாது.”

வலது முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார்கள். சுற்றவில்லை. காலிப்பரில் காற்றெடுக்கும் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் திரவம் ‘சர்’ரென்று பீறிட்டது. சக்கரம் விட்டுக்கொடுத்தது. காலைப் பெடலில் வைக்காமலே குழாய்க்குள் அழுத்தம் அடைபட்டுக் கிடந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நானாக இருந்தால் அங்கேயே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். சாச்சா நிப்பிளை மூடிவிட்டு, மறுபடி ஒரு சுற்றுப் போய் சூடாக்கிக் கொண்டு வரச் சொன்னார். அழுத்தம் இருக்கிறது என்றுதான் தெரிந்திருக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரியவில்லையே என்றார்.

இரண்டாவது முறை வந்து நின்றபோது சக்கரங்கள் பக்கமே அவர் போகவில்லை. பானெட்டைத் திறந்து, பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மில்லிமீட்டர் போல முன்னால் இழுத்தார். ஒரு சொட்டுத் திரவம் சிந்தவில்லை. தூக்கி வைத்திருந்த சக்கரத்தைப் பையன் தள்ளினான். சுற்றியது. இடது பக்கத்தையும் தூக்கிப் பார்த்தார்கள். அதுவும் சுற்றியது.

அந்த இரண்டு மில்லிமீட்டரில் இருந்தது என் மூன்று மாதத்துப் பிரச்சினை. பெடலை மிதித்தால் பூஸ்டரிலிருந்து ஒரு புஷ்ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் சிலிண்டருக்கும் மேலே இருக்கும் திரவக் கிண்ணத்துக்கும் இடையில் ஊசி நுழையும் அளவில் இருக்கும் ஒரு துளை திறக்கும். புஷ்ராடு தேவைக்குமேல் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, அதன் ரப்பர் துளையை மூடிக்கொண்டு நின்றுவிடும். வண்டி ஆறியிருக்கும்போது இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஓட ஓட, திரவம் சூடேறி விரியும். விரிந்த திரவம் மேலே போக வழியில்லை, ஆகவே பட்டைகளை டிஸ்க்கின்மேல் தள்ளும். பட்டை உரசும், சூடு ஏறும், திரவம் இன்னும் விரியும், இன்னும் அழுத்தும். யாரும் மிதிக்காமலே பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்கிறது. ராத்திரி ஆறினால் திரவம் சுருங்கி, காலையில் சக்கரம் பம்பரமாகச் சுற்றும்.

புதிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் இந்த இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டும் என்பது பாடத்தின் முதல் பக்கம். சாச்சா புஷ்ராடின் நுனியைத் திருகிக் குறைத்தார். பிறகு கிண்ணத்தின் மூடியைத் திறந்து என்னை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பையனைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னார். திரவத்தின் அடியிலிருந்து ஒரு சின்ன ஊற்று கொப்பளித்து அடங்கியது. துளை மூடுவதற்கு முந்திய கணத்தில் திரவம் மேலே எகிறும் காட்சி அது. ஊற்று தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் முன்பே மூடிக் கிடக்கிறது. ஒரு டார்ச் விளக்கும் அரை நிமிடமும் போதும். ஆகஸ்டில் யாராவது ஒருவர் அந்த மூடியைத் திறந்து பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

பேரிங் கதைக்கும் விடை இதிலேயே இருந்தது. டிஸ்க்கின் சூடு அதைத் தாங்கும் ஹப்புக்கும், ஹப்பிலிருந்து பேரிங்குக்கும் நடந்து போகிறது. சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரியை ஒட்டி உருகி வழிந்துவிடும். கிரீஸ் போன பேரிங் உலர்ந்து ஓடி உறுமும். வலது பக்கக் காலிப்பரின் பின்கள் வேறு உலர்ந்திருந்தன, ஆகவே அந்தப் பக்கத்துக்குச் சூடு கூடுதல். வேகம் கூடக் கூட உறுமல் கூடியதும், இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழுந்து உறுமல் உரத்ததும் நிஜம்தான். பேரிங் கெட்டது என்று ஒர்க்‌ஷாப் சொன்னது பொய்யில்லை. ஏன் கெட்டது என்று கேட்கவில்லை, அவ்வளவே. அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

போதாததற்கு, கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது பேரிங்கின் ஓடுபாதையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். சாச்சா நகத்தால் தடவிக் காட்டினார். பேரிங்கின் வெளி வளையத்தை ஹப்புக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையைக் குழிக்கும். அப்படி ஏற்றிய பேரிங் பிறக்கும்போதே நோயாளி. ஜீப் வகை வண்டிகளில் வரும் கூம்பு உருளை பேரிங்குகளில் இன்னொரு தப்பு நடக்கும். நட்டை இறுக்கியபின் சிறிது தளர்த்தி, மயிரிழை ஆட்டம் விட வேண்டும். ‘டைட்டாக இருந்தால் நல்லது’ என்று முறுக்கிவிட்டால் பேரிங்கே அடுப்பாகிவிடும். மற்ற வகைகளில் சொன்ன அளவுக்கு இறுக்கியே ஆகவேண்டும். எது எந்த வகை என்று தெரியாத ஸ்பேனர், எந்த வண்டிக்கும் ஆபத்து.

இதெல்லாம் எட்டாத வித்தையில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அதில் பிரேக்கும் உண்டு, பேரிங்கும் உண்டு. அந்த ஒர்க்‌ஷாப்பிலும் சான்றிதழ் வைத்திருந்த பையன்கள் இருந்தார்கள். நான் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது சாச்சா அவர்கள் பக்கம் பேசினார். “அவங்க கெட்டவங்க இல்ல சாப். அவங்ககிட்ட வண்டி சூடா வர்றதே இல்ல. நீங்க காலையில சாவியைக் குடுத்துட்டு ஆபீஸ் போயிடறீங்க. பையன் கைக்கு வண்டி போறப்ப மணி பன்னெண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு டெலிவரி. நடுவுல எங்கே போய் சூடு பண்ணுவான்? பெட்ரோல் யார் குடுப்பாங்க?”

அதில் நியாயம் இருக்கிறது, முழுவதும் இல்லை. பில் எழுதும் முறையிலேயே கோணல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு வரி உண்டு, பேரிங்குக்கு ஒரு வரி உண்டு, மாட்டிய கூலிக்கு ஒரு வரி உண்டு. யோசித்ததற்கு வரி கிடையாது. இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, நுனியை முக்கால் சுற்றுத் திருகிச் சரிசெய்தவன் எதை எழுதிக் காசு கேட்பான்? நாமும் பெட்டியோடு வரும் பாகத்துக்குப் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு, கூலியில்தான் பேரம் பேசுகிறோம். அந்த மூன்று மாதத்தில் ஒர்க்‌ஷாப் பில்கள் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். சாச்சா தன் வேலைக்குக் கேட்டது 350 ரூபாய். பேரிங், புதிய திரவம், பின்களுக்கான கிரீஸ் தனி. நான் ஆயிரம் கொடுத்தேன். 350-ஐ எடுத்துக்கொண்டு, இருபது ரூபாய் பையனுக்கு டீக்கு வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்கும் எண்ணமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. பழைய சிலிண்டரோடு பத்து வருடம் ஒத்துப்போன புஷ்ராடு, புதியதோடு மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? சூப்பர்வைசர் முதலில் கையை விரித்தார். தலைமை மெக்கானிக் கொஞ்சம் வயதானவர், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பின்பக்கம் போய் இரும்புச் சாமான் டிரம்மைக் கிளறினார். என் பழைய மாஸ்டர் சிலிண்டர் இன்னும் அங்கேயே கிடந்தது. ஸ்டோரிலிருந்து பெட்டி பிரிக்காத புதியது ஒன்றையும் எடுத்து வந்து, புஷ்ராடு போய் உட்காரும் பிஸ்டன் குழியை வெர்னியரால் அளந்தார். புதியதில் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறைவு. வேறு தயாரிப்பு, மலிவாகக் கிடைத்தது என்று ஆகஸ்டில் வாங்கியிருந்தார்கள்.

அவர் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். என்னிடம் எதுவும் சொல்லாமல் பில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பேரிங்கின் விலையைத் தள்ளித் தருவதாக சூப்பர்வைசர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் வந்த அந்த லாட்டிலிருந்து என் வண்டிக்குப் போக இன்னும் மூன்று வண்டிகளுக்குப் போட்டிருந்தார்கள். மூன்றிலும் ‘ட்ரையல் ஓகே’. இரண்டு பேருக்கு எண் இருந்தது. என் எதிரிலேயே போன் செய்தார். ஒருவர் பட்டை செட் ஆகவில்லை என்று தானே வர இருந்ததாகச் சொன்னார். இன்னொருவர் வண்டியை அன்று மாலையே கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது ரொக்க பில். பெயர் இல்லை, போன் எண் இல்லை, வண்டியின் எண் மட்டும் இருந்தது. எம்.எச். 11 என்று தொடங்கியது. சதாரா வண்டி. அங்கிருந்து புனேக்கு வருவதென்றால் கம்பாட்கி மலையை இறங்கித்தான் வரவேண்டும்.